பாஸ்கலின் மேலங்கி

1662ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், பாரிஸ் மாநகரிலே பிளேஸ் பாஸ்கல் என்னும் பேரறிஞர் தமது 39ஆவது வயதில் உயிர்நீத்தார். சில நாட்களின் பின் அவருடைய உடைகளை ஒழுங்குசெய்த பணியாளன், மேலங்கியின் உட்டுணி ஓரிடத்தில் தடித்திருப்பதைக் கண்டான். தையலைப் பிரித்தபோது மடித்துவைத்த ஒரு தோலேடும் அதனுள் ஒரு தாளும் வெளிப்பட்டன. இரண்டிலும் எழுதப்பட்டிருந்தது ஏறத்தாழ ஒன்றே. எட்டு ஆண்டுகளாக, அங்கி மாற்றும்போதெல்லாம் அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் வைத்துத் தைத்து வந்திருக்கிறார். உடன்பிறந்தாரிடம்கூட அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை.

பாஸ்கல் எளிதில் மயங்கும் உள்ளத்தினர் அல்லர். வரி அலுவல் பார்த்த தந்தையாரின் கணக்குச் சுமையைக் குறைக்க 19 வயதிலேயே கணக்கிடும் பொறியொன்றை ஆக்கத் தொடங்கியவர். அது செம்மையாக இயங்கும்வரை 50 மாதிரிகள் வரை செய்து பார்த்தவர். காற்றுக்கு நிறையுண்டு என்பதை ஐயமற நிறுவும் பொருட்டு, 1648 செப்டெம்பர் 19இல், பூய் டி டோம் என்னும் மலைமீது இரசக்குழாயை ஏற்றுவித்தார். உச்சியிலே இரசம் தாழ்ந்து நின்றது. தமது உடல்நலம் இடந்தராமையால் அப்பரிசோதனையை மைத்துனர் பெரியேயைக் கொண்டு செய்வித்தார். அமுக்கத்தை அளக்கும் அலகு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இத்தகைய ஒருவர் இறைவன் உளன் என்பதை என்றும் மறுத்தவரல்லர். 1646இல் தந்தையார் பனியில் வழுக்கி வீழ்ந்து அடிபட்டபோது வைத்தியம் பார்க்க வந்த இருவர் வாயிலாக, ஜான்சேனியர் எனப்பட்ட கடுந்துறவுக் கொள்கையினரின் நூல்கள் அக்குடும்பத்தை எட்டின. பாஸ்கல் கற்றார், ஒப்புக்கொண்டார், பிறருக்கும் எடுத்துரைத்தார். தங்கை ஜாக்குலினோ கற்றதோடு நில்லாது, தந்தையார் இறந்தபின் 1652இல் போர் ரோயல் கன்னியர் மடம் புகுந்தாள். தமையனார் தடுத்தார். சீதனப் பங்கின் பொருட்டு மனத்தாங்கலும் நேர்ந்தது. சமயத்தை ஆதரித்து வாதிட வல்லவர், அச்சமயம் தம் வீட்டில் ஒருத்தியை அழைத்தபோது வழிவிட மாட்டாதவரானார்! அறிவுக்கும் அறிதலுக்கும் இடையே கிடந்த தூரம் அங்கே வெளியாயிற்று.

1654ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அம்மடத்துக்கு அடிக்கடி வரலானார். உலகம் கசந்துவிட்டது, ஆனால் இறைவன்பால் நெஞ்சு ஈர்க்கப்படவுமில்லை என்று தங்கையிடம் மனந்திறந்தார். அவள் கடிதமொன்றிலே அதனைப் பதிந்திருக்கிறாள். நாத்திகனுடைய துன்பமன்று அது. எல்லாவற்றையும் நம்பியும் யாரையும் காணாதவனுடைய துன்பம்.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் திங்கட்கிழமை இரவு நேர்ந்ததையே அத்தோலேடு கூறுகின்றது. ஆண்டு, நாள், கிழமை, அன்று நினைவுகூரப்பட்ட புனிதரின் பெயர், மாலை ஏறத்தாழப் பத்தரை முதல் நள்ளிரவு கடந்து ஏறத்தாழ அரைமணி வரை என்ற நேர எல்லை யாவும் முதலில் வருகின்றன. இரசக்குழாயின் அளவைக் குறித்த அதே கை! அதன் கீழ், நெருப்பைக் குறிக்கும் ஒரு சொல் தனியே நிற்கின்றது. பின்னர் வாக்கியங்கள் உடைகின்றன. தாம் கண்டவன் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரோடு உறவாடிய இறைவன் என்றும், மெய்யியலார் தருக்கித்து நிறுவும் இறைவன் அல்லன் என்றும் எழுதுகிறார். மகிழ்ச்சி, கண்ணீர், தாம் அவனை விட்டு விலகி ஓடியிருந்தமை, இனிப் பிரியலாகாது என்னும் அச்சம் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. விளக்கம் ஒன்றும் இல்லை.

இதனால் அவர் அறிவைத் துறந்தார் எனக் கருதுதல் தவறு. 1658இல், உருளுஞ் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைகோட்டைப் பற்றிக் கணிதர் வியக்க ஆராய்ந்தார். கிறிஸ்தவ சமயத்தை நிலைநாட்டப் பெருநூலொன்று எழுதவுங் கருதினார். அதற்கென எழுதிய துண்டுகளே அவர் இறந்தபின் 1670இல் ‘சிந்தனைகள்’ என வெளிவந்தன. பந்தயம் பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டு, பாஸ்கல் இறைநம்பிக்கையைச் சூதாட்டமாக்கினார் என்பாரும் உளர். நூலை முழுமையாகப் பார்த்தவர் அவ்வாறு கூறார். தருக்கத்தால் வரும் நிச்சயம், தருக்கம் கண்முன் நிற்கும் வரைதான் நிற்கும். சற்று நேரங் கழிந்தால் ஏமாந்தோமோ என்று மனம் அஞ்சும் என்கிறார். தன் இழிநிலை அறியாது இறைவனை அறிந்தவன் செருக்குறுவான். இறைவனை அறியாது இழிநிலையை மட்டும் அறிந்தவன் நம்பிக்கை இழப்பான். இரண்டையும் ஒருங்கே காட்டுபவர் கிறிஸ்து ஒருவரே என்பது அவர் கொள்கை. ஜான்சேனியரின் கோட்பாடுகள் சிலவற்றை 1653இல் பாப்பரசர் கண்டித்தார். அவ்வழக்கில் எப்பக்கம் நிற்பவரும் இவ்விடத்தில் பாஸ்கலோடு முரண்பட வேண்டியதில்லை.

எரேமியா தீர்க்கதரிசி, யோசியா அரசன் ஏழை எளியோரின் வழக்கை நீதியாய்த் தீர்த்ததைச் சொல்லி, இறைவனை அறிதல் என்பது அதுவன்றோ என வினவுகிறார். பாஸ்கலின் கடைசி ஆண்டு அவ்வினாவுக்கு அருகே செல்கின்றது. 1662 மார்ச்சில் பாரிஸிலே குறைந்த கட்டணத்தில் ஏறிச் செல்லத்தக்க குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின, அத்திட்டம் அவருடையது. அதில் வரும் தம் பங்கைப் புளோவாப் பகுதியில் வறுமையால் வாடியவருக்கு அனுப்ப எண்ணி, முற்பணம் கேட்டார். கூட்டாளிகள் உடன்படவில்லை. தம் வீட்டிலே ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடமளித்திருந்தார். அக்குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மை கண்டது. அவரைப் பார்க்க வரும் தமக்கை கில்பெர்த்தின் பிள்ளைகளுக்கு நோய் தொற்றலாம் என்ற நிலையில், நோயுற்ற பிள்ளையை அப்புறப்படுத்தலே எவரும் செய்வது. பாஸ்கலோ, தாமே கடும் நோயாளியாயிருந்தும், பிள்ளையை அங்கேயே விட்டுத் தமக்கையின் வீட்டுக்குச் சென்றார். பின்பு அவர் தம் வீடு திரும்பவில்லை.

அங்கே தமக்குக் கிடைக்கும் அதே பராமரிப்பு ஏழை நோயாளி ஒருவருக்கும் கிடைக்கும்படி, அப்படியொருவரைத் தம்மருகே கொணருமாறு வேண்டினார். அது இயலவில்லை. அங்ஙனமாயின் தீராநோயாளர் மருத்துவமனைக்குத் தம்மைக் கொண்டுபோய், அங்குள்ள ஏழைகளின் நடுவே இறக்க விடுமாறு கேட்டார். உடலை அசைக்கலாகாது என்று வைத்தியர்கள் மறுத்துவிட்டனர். மேலங்கியின் தையல் அப்போதும் பிரிக்கப்படாமலே இருந்தது.