பறவைக்கு 70, பஸ்ஸுக்கு 110

எங்கள் பண்பொழிக்குப் பக்கத்தில் விமானம் ஏற இரண்டு இடங்கள்: திருவனந்தபுரம், தூத்துக்குடி வாகைக்குளம். (மதுரையும் உண்டு, ஆனால் தள்ளி.) "எது சார் கிட்டே?" என்று பிள்ளைகளை வெளியூரில் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு வேறென்ன வேலை? அட்லஸையும் அடிக்கோலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் நேர்கோட்டுத் தூரத்தை 'ஆ வோல் துவாஸோ' என்பார்கள். பறவை பறக்கிற தூரம். அந்தக் கணக்கில் நம்மூரிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கி.மீ., வாகைக்குளம் 90-க்குச் சற்று மேல். ரோட்டில் போனால் முன்னது 110-ஐத் தொடுகிறது, பின்னது 100-தான். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே பறவைக்கு 125 கி.மீ. காருக்கோ நாகர்கோவிலைச் சுற்றி 180 பக்கம், நாலு மணி நேரம். எல்லாம் இந்த மலை செய்கிற வேலை.

ஒரு காலத்தில் இதே மலையால் நமக்கு மவுசு இருந்தது. 1904-ல் கொல்லம்–செங்கோட்டை ரயில் மலையைக் குடைந்து வந்தது. கொல்லத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் போனது 1958-ல்தான். அதுவரை திருவனந்தபுரத்துக்காரர் ரயிலில் சென்னைக்கோ பம்பாய்க்கோ போக வேண்டுமென்றால் ஆரியங்காவு ஏறி, செங்கோட்டையில் இறங்கித்தான் போயாக வேண்டும். செங்கோட்டையே அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது.

இதற்கு நடுவில் 1935 அக்டோபர் 29 அன்று, டாட்டாவின் சின்ன விமானம் ஒன்று பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. ஃபாக்ஸ் மாத் ரகம். ஓட்டியவர் நெவில் வின்சென்ட். பயணிகளுக்கு முன்னால் மூடிய அறை, விமானிக்குப் பின்னால் திறந்த இருக்கை. வில்வண்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி! மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் அதில் வந்தது. நவம்பர் 1-ல் திருவிதாங்கூர் அஞ்சல் பையோடு பம்பாய்க்குத் திரும்பிப் பறந்தது. திருவிதாங்கூர் தன் தபால் துறைக்கு வைத்திருந்த பெயரே 'அஞ்சல்' என்பது பலருக்குத் தெரியாது.

வழி கண்ணூர், கோவா. மேற்குக் கடலோரமாகவே பறந்ததால் மலையும் தேவையில்லை, செங்கோட்டையும் தேவையில்லை. சுமார் 1,250 கி.மீ. தூரம், மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் பறக்கும் நேரமே எட்டு மணிக்கு மேல். இன்று அது இரண்டு மணிக்குச் சற்று மேல்.

ஆனால் இறங்கிய பிறகு? போன ஆடியில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். மும்பையிலிருந்து மகன் காலை பத்தரைக்கே திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டார். மூன்று மணி நேரத்தில் வந்துவிடுவார் என்று நாங்கள் எடுக்காமல் காத்திருந்தோம். மலைப்பாதையில் மழை, மரம் விழுந்து லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆறு மணிக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்ல, சின்ன மகன் கொள்ளி வைத்தான். மூத்தவர் வந்து சேரும்போது மணி ஏழு. வாசலில் யாரும் பேசவில்லை.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் பறவைக் கணக்குச் சொல்வதில்லை. வெயில் காலம், பகல் நேரம் என்றால் திருவனந்தபுரம். சாரல் தொடங்கிவிட்டால் சென்னையில் விமானம் மாறியாவது வாகைக்குளம் வரச் சொல்லுங்கள். டிக்கெட் கூடுதலானாலும் பாதை சமவெளி.