சுவர் யாருக்குச் சொந்தம்?

கிராஃபிட்டின்னு சொன்னா உடனே நியூயார்க் ரயில்தான் ஞாபகம் வரும். ஆனா, தேர்தல் நேரத்துல ஈசிஆர்ல கூனிமேடு, மரக்காணம் வழியா ஒரு தடவை பஸ்ல போய்ப் பாருங்க. காம்பவுண்டு சுவர்தான் நம்ம ஊர் கேன்வாஸ். முதல்ல வெள்ளையடிச்சு, கட்சிப் பேரையும் வருஷத்தையும் எழுதி இடம் பிடிப்பாங்க. சின்னம் அப்புறம் வரும். வீட்டுக்காரர்கிட்ட கேட்கிறது பல இடத்துல வெறும் சம்பிரதாயம். வேண்டாம்னு சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கு. 1959-லேயே, காமராஜர் ஆட்சியில், பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் அது அமலில் இருக்கிறது. அப்புறம் ஏன் சுவர்கள் மாறலை? சட்டத்தை அமல்படுத்த வேண்டிய ஆட்சி கட்சிகளோட கையில. சுவர்ல எழுதுறதும் அதே கட்சிகள்தான்.

இங்க கொஞ்சம் நிதானிக்கணும். அன்னைக்கு வானொலி முழுக்க அரசாங்கத்தின் கையில். பணமில்லாத புதுக் கட்சிக்குச் சுவரும் மேடையும்தான் மீடியா. 1953-ல் டால்மியாபுரம் ரயில் நிலையப் பெயர்ப்பலகை மேல் கருணாநிதியும் திமுக தொண்டர்களும் ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாளை ஒட்டினார்கள். சட்டப்படி அது குற்றம். பின்னாளில் அந்த ஊரின் அதிகாரப்பூர்வப் பெயரே கல்லக்குடி ஆனது. ஒருத்தருக்கு அசிங்கமாகத் தெரியுறது இன்னொருத்தருக்கு வரலாறு.

சரி, சுவர் நிஜமாகவே சுத்தமானது எப்போ? 2006 சட்டமன்றத் தேர்தலில், தேர்தல் ஆணையம் சுவர் விளம்பரத் தடையைக் கறாராக அமல்படுத்தியபோது. சட்டம் அதே பழைய சட்டம்தான். ஆனா இந்த முறை அமல்படுத்தினது எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத ஒரு அமைப்பு. நீங்களே அழிக்கலைன்னா, அழிக்கிற செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும். அந்தக் கணக்குக்கு உச்சவரம்பு வேற இருக்கு.

நியூயார்க்கும் இதே மாதிரி ஒரு கணக்கைத்தான் போட்டது. 1984-ல் போக்குவரத்துத் துறைத் தலைவராக வந்த டேவிட் கன் ஒரு விதி வைத்தார்: ஒருமுறை சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கல் விழுந்தால், அதை அழிக்காமல் ஓட்டக் கூடாது. தன் பெயர் ஊரெல்லாம் சுற்றும் என்பதுதானே எழுதுகிறவருக்குக் கிடைக்கிற லாபம்? அதை நிறுத்தினாங்க. 1989 மே மாதம் கடைசிப் பெட்டியும் சுத்தமானது.

அதே 1984-ல் பிலடெல்பியா வேறு வழியில் போனது. ஜேன் கோல்டன் என்ற ஓவியரை வேலைக்கு அமர்த்தி, கிறுக்கின பசங்களையே சுவரோவியம் வரைய வைத்தது.

சென்னையும் 2009-ல் கிட்டத்தட்ட இதைச் செய்தது. மா. சுப்பிரமணியன் மேயர். அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களை அகற்றிவிட்டு மாநகராட்சி ஓவியம் வரைந்தது. வரைந்தவர்களில் பலர் சினிமா பேனரும் கட்அவுட்டும் வரைந்து பிழைத்தவர்கள்; ஃப்ளெக்ஸ் வந்து வேலையை இழந்தவர்கள். அவங்களுக்கு மறுபடி வேலை கிடைச்சது. ஆனா என்ன வரையணும்னு முடிவு செஞ்சது மாநகராட்சி: கோயில், இயற்கைக் காட்சி, பாரம்பரியக் கலை. சுவருக்குப் பின்னால் இருக்கிற தெருவை யாரும் பெருசா கேட்கலை.

என் பார்வை இதுதான். சீக்கிரம் அழிக்கிறதும், செலவை எழுதினவர் தலையில் கட்டுறதும் வேலை செய்யும். ஆனா அது பாதி வேலை. அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் பயமில்லாம ‘வேண்டாம்’னு சொல்ல முடியணும். சொல்ல ஏதாவது இருக்கிறவருக்கு ஊர்ல ஒரு பொதுச் சுவராவது இருக்கணும். இந்த ரெண்டும் இல்லாம வெள்ளையடிச்சா, அடுத்த கட்சிக்கு நாமே சுவரைத் தயார் பண்ணிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

உங்க தெருச் சுவர்ல இப்போ என்ன எழுதியிருக்கு? யாரைக் கேட்டு எழுதினாங்க? விசாரிச்சு எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.