நாளத்தில் ஏறும் நீர்

வாந்தியாலும் கழிச்சலாலும் துவண்டுபோன நாய்க்குக் கால்நடை மருத்துவர் நாளத்தின் வழியே உப்பு நீர் ஏற்றுவதை நீங்கள் கண்டிருக்கலாம். எத்தனை லிட்டர் வேண்டுமென்று அவர் எவ்வாறு அறிகிறார்? அந்தக் கணக்கு பிறந்த கதை சற்றே துயரமானது.

1656-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ரென் என்பார் ஒரு நாயின் நாளத்துள் அபினி கரைத்த மதுவைச் செலுத்தினார். மயங்கிய நாய் உறங்கிவிடாதபடி தோட்டத்தில் அடித்து ஓட்டினார்களாம். அது பிழைத்துக் கொழுத்தது; பிறகு எவனோ திருடிச் சென்றான் என்று ராபர்ட் பாயில் எழுதிவைத்தார். நாளத்தின் வழியே மருந்து செல்லும் என்பது தெளிவாயிற்று.

1831-இல் பிரிட்டனில் காலரா புகுந்தது. நோயாளரின் இரத்தம் நீரையும் உப்பையும் பெரிதும் இழந்திருப்பதை ஓஷாக்னசி என்னும் இளம் மருத்துவர் ஆராய்ந்து கூறினார். அதைப் படித்த லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா, 1832-இல் சாகுந்தறுவாயிலிருந்த ஒரு முதியவளுக்கு அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், அதாவது ஏறக்குறைய 3.4 லிட்டர், உப்பு நீர் ஏற்றினார். குழிந்த கண்கள் ஒளி பெற்றன, குரல் திரும்பிற்று. இனிக் கவலையில்லை என்றெண்ணி அவளை வேறொருவர் பொறுப்பில் விட்டு அகன்றார். கழிச்சல் மீண்டும் தொடங்கியது. மீண்டும் நீர் ஏற்றுவாரில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள்.

எந்த நீரை ஏற்றுவதென்பதைப் பின்வந்தோர் திருத்தினர். 1880-களில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை வைத்துச் சுண்ணாம்புச் சத்தின் தேவையைக் கண்டார். 1930-களில் ஹார்ட்மன் அதனுடன் லாக்டேட் சேர்த்தார்.

இனி அளவுக்கு வருவோம். இருபது கிலோ எடையுள்ள நாய் என்று கொள்க. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லவே படிகிறது, கண்கள் உள்வாங்கியுள்ளன. எடையில் நூற்றுக்கு 8 பங்கு நீர் குறைந்திருக்கும் என மருத்துவர் மதிக்கிறார். ஆக, இழந்தது 1.6 லிட்டர். அன்றாடத் தேவை கிலோவுக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் வீதம் 1 லிட்டர். இன்னும் வாந்தியிலும் கழிச்சலிலும் போகக்கூடியது அரை லிட்டர் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 3.1 லிட்டர். இதயநோயுள்ள நாயாயின் நிதானம் வேண்டும். மிஞ்சிய நீர் நுரையீரலில் தேங்கிவிடும்.

லீத் நகரத்துக் கிழவிக்குக் கிட்டாதது இக்கணக்கின் மூன்றாவது பகுதியே. ஆகவேதான் மருத்துவர் சில மணிக்கொருமுறை வந்து, நாயை மறுபடி எடைபோட்டு, கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறார்.