கிளிக்வொர்க்கர்ஸ்

செவ்வாய்க் கோளின் விண்கல் வீழ் பள்ளங்களைப் பொதுமக்களின் துணையோடு இணையவழி அடையாளம் காண, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் 2000 நவம்பரில் தொடங்கிய சோதனைத் திட்டம். வைக்கிங் விண்கலங்கள் எடுத்த படங்கள் இதற்குப் பயன்பட்டன. பள்ளத்தின் விளிம்பில் தன்னார்வலர் நான்கு இடங்களில் சொடுக்கினால், கணினி அவற்றைக் கொண்டு வட்டம் வரையும். ஒரே படத்தைப் பலரும் குறித்ததால், தனியொருவரின் பிழைகளை ஒப்பிட்டு விலக்க முடிந்தது. பள்ளங்கள் மிகுந்த நிலப்பரப்பு பழமையானது. எனவே இக்கணக்கெடுப்பு தரையின் வயதை மதிப்பிட உதவுகிறது. பின்னர் நிலவின் பள்ளங்களுக்காக மூன் ஜூ (2010), மூன்மேப்பர்ஸ் (2012) ஆகிய திட்டங்கள் வந்தன. தன்னார்வலர்களின் கூட்டு முடிவு வல்லுநர்களின் கணிப்புக்கு இணையானது என 2014இல் வெளியான மூன்மேப்பர்ஸ் ஆய்வு காட்டியது.