ஆயிரம் சிப்பி என்ன விலை?

தூத்துக்குடிக்குக் கிழக்கே, ஏறக்குறைய பத்துப் பாகம் ஆழத்தில், தொளாயிரம் பார் கிடக்கிறது. மணல் தரைக்கு நடுவே பாறையும் பவளத் துண்டும் மண்டிய மேட்டைத்தான் இந்தக் கரையில் ‘பார்’ என்கிறார்கள். நீரோட்டத்தில் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகளுக்குக் கால் ஊன்ற இப்படி ஒரு பிடிப்பு வேண்டும். கிடைத்தால் நார் விட்டு ஒட்டிக்கொள்ளும், கிடைக்காவிட்டால் மணலில் புதைந்து சாகும். ஓர் ஆண்டு பார் முழுக்கக் கம்பளம் விரித்ததுபோலச் சிப்பி இருக்கும். அடுத்த ஆண்டு குளிகாரர் இறங்கினால் வெறும் பாறை.

பாரைத் தன் உடைமையாக வைத்திருந்த அரசுக்கு, அது பாண்டியருடையதானாலும் டச்சுக்காரருடையதானாலும் ஆங்கிலேயருடையதானாலும், ஒரே கேள்விதான் இருந்தது. இந்த ஆண்டு சலாபம் நடத்தலாமா? சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. அதை நடத்துவதென்றால் வெறும் கடற்கரையில் ஒரு தற்காலிக ஊரையே எழுப்ப வேண்டும். படகுகள், குளிகாரர், காவல், குடிதண்ணீர், மருத்துவர் என்று எல்லாம் முன்பணச் செலவு. சிப்பியில் முத்து இல்லையென்றால் அத்தனையும் நட்டம். பெரிய செலவில் இறங்கும் முன் சிறிய செலவு செய்து பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. மாதிரிச் சிப்பி அப்படித்தான் கடலிலிருந்து மேலே வந்தது.

இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அடங்கும் நாட்களில் பரிசோதனைப் படகு பாருக்குப் போகும். குளிகாரர் கல்லைக் காலில் மாட்டி இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் கையில் அகப்பட்டதைக் கூடையில் போட்டு மேலே வருவார். ஓர் இடத்தில் எடுத்தால் போதாது. பாரின் நீள அகலம் முழுக்கப் பல இடங்களில் எடுக்க வேண்டும். ஒரு முழுக்குக்கு எத்தனை சிப்பி வருகிறது என்பதை வைத்து அடர்த்தியைக் கணிப்பார்கள். ஓட்டின் அளவையும் எடையையும் வைத்து வயதைக் கணிப்பார்கள். வயது முக்கியம். மூன்று வயதுக்குக் கீழே முத்து இருந்தாலும் தூளாகத்தான் இருக்கும். நான்கு வயதானால் பலன் உண்டு, ஐந்தில் இன்னும் கூடும். ஆனால் ஐந்து, ஆறு வயதைத் தாண்டியதும் சிப்பி தானாகவே செத்து, முத்து மணலோடு போய்விடும்.

வயது சரி என்று தெரிந்தால் அடுத்த கட்டம். பல ஆயிரம் சிப்பிகளை எடுத்து, எண்ணி, காவலோடு கரைக்குக் கொண்டுவருவார்கள். இங்கே மாதிரிச் சிப்பியின் மிக அருவருப்பான பயணம் தொடங்குகிறது. தொட்டியிலோ வள்ளத்திலோ போட்டு ஒரு வாரத்துக்கும் மேல் அழுக விடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதையைத் தின்று தீர்க்கும். பிறகு கடல்நீர் விட்டுக் கழுவி, ஓடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து எறிந்து, அடியில் தங்கும் கசடை வெயிலில் உலர்த்தி, விரல் நுனியால் கிளறித் தேடுவார்கள். உலர்ந்த கசடை மறுபடி மறுபடி பார்ப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒரு சிறிய துணி முடிச்சு.

அந்த முடிச்சை அவிழ்க்கும் இடத்தில்தான் இந்தக் கரையின் கணக்கறிவு முழுதாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகள். கிண்ணம் போன்ற வடிவம், ‘பெட்டி’ என்று பெயர். முதல் பெட்டியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. எல்லாம் ஒரே அளவுப் பெட்டி என்பதால், துளையின் எண்ணிக்கை கூடக்கூடத் துளை சிறுக்கும். 20 முதல் 80 வரையுள்ள பெட்டிகளில் தங்குபவை ‘மேல்’. நடுப் பெட்டிகளில் தங்குபவை ‘வடிவு’. கடைசி மூன்றில் தங்குபவை ‘தூள்’. அளவு பிரித்த பிறகு தரம் பிரிப்பார்கள். உருண்டையும் ஒளியும் குறையில்லாமல் அமைந்தது ஆணி. அதற்கு ஒரு படி கீழே ஆணித்தாரம். அப்படியே இறங்கிக் களிப்பு, குறுவல், பீசல் என்று போகும்.

இப்படிப் பிரிக்கும் பழக்கம் ஆங்கிலேயர் கற்றுக்கொடுத்தது அல்ல. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் கல்வெட்டுகளில் முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, இரட்டை என்று வகை வகையாக எழுதப்பட்டிருக்கின்றன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று நிறத்துக்கும் தனிக் குறிப்பு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ‘முத்து இத்தனை’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல், எந்தத் தரத்தில் எத்தனை என்று கணக்கு வைத்தவர்கள் நம்மவர்கள்.

அடுத்தது நிறுவை. இருபது மஞ்சாடி ஒரு களஞ்சு. மட்டமான முத்தை எடைக்கு விலை போட்டு விடலாம். உயர்ந்த முத்துக்கு அப்படிப் போட முடியாது. பெரிய முத்து அபூர்வம். அதற்கு வணிகர்கள் வைத்திருந்த அளவு ‘செவ்வு’. மொத்த எடையை அதே எடையால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதை ஒரு மாறாத பின்னத்தால் பெருக்க வேண்டும். பத்து மஞ்சாடி எடையில் பத்து முத்து இருந்தால், பின்னத்தை விட்டுவிட்டுப் பார்க்கையில், 100-ஐ 10-ஆல் வகுக்க 10. அதே பத்து மஞ்சாடியில் நாற்பது முத்து இருந்தால் 100-ஐ 40-ஆல் வகுக்க இரண்டரை. எடை ஒன்று, மதிப்போ நாலில் ஒரு பங்கு. பெரியதற்கு எவ்வளவு கூடுதல் விலை தரலாம் என்ற தகராறு ஒரு வாய்ப்பாட்டில் அடங்கிவிடுகிறது. கீழக்கரை மரக்காயரும் நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் பம்பாய் வியாபாரியும் ஒரே முடிச்சைப் பார்த்து ஒரே மொழியில் பேச முடிந்தது இதனால்தான்.

தரத்துக்குத் தரம் மதிப்புப் போட்டுக் கூட்டினால் மாதிரியின் மொத்த மதிப்பு வரும். அதைச் சிப்பி எண்ணிக்கையால் வகுத்து ‘ஆயிரத்துக்கு இவ்வளவு ரூபாய்’ என்று எழுதுவார்கள். எளிய வகுத்தல்தான், ஆனால் பொறி இருக்கிறது. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் சிப்பியில் 200 ரூபாய்க்கு முத்து வந்தது என்றால் ஆயிரத்துக்கு 20 ரூபாய். அந்த 200-இல் ஒரே ஓர் ஆணிமுத்து 60 ரூபாய் என்றால்? அது தற்செயலாகக் கிடைத்தது என்று ஒதுக்கினால் ஆயிரத்துக்கு 14 ரூபாய்தான். பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இருக்காது. மதிப்பு முழுக்கச் சிலவற்றில் குவிந்திருக்கும். நூறு சிப்பியைத் திறந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாததால்தான் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். இப்படிப்பட்ட கணக்கில் சராசரியை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். சராசரிக்குள் எந்தப் பெட்டி முத்து எவ்வளவு என்பதையும் படித்தவர் பிழைத்துக்கொள்வார்.

மாதிரி இனி காகிதமாகிறது. பாரில் மதிப்பிட்ட சிப்பி எத்தனை, அதை எடுக்க எத்தனை படகு, எத்தனை நாள், படகுக்கு ஒரு நாள் சுமை எவ்வளவு, ஆயிரத்துக்கு விலை என்ன என்று அறிக்கை மேலிடத்துக்குப் போகும். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிகாரருக்கு. அரசுப் பங்கின் மதிப்பிலிருந்து முகாம் செலவைக் கழித்தால் மிஞ்சுவது தேறுமா என்பதே முடிவு. தேறும் என்றால் அறிவிப்பு வெளியாகும். பாரின் பெயர், படகுகளின் எண்ணிக்கை, நாள் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு வணிகர்கள் பணத்தோடு கிளம்புவார்கள். துணி முடிச்சுக்குள் அடங்கிய முத்து பல ஆயிரம் பேரைக் கடற்கரைக்கு இழுத்துவிடும்.

சலாபம் தொடங்கியதும் கணக்குக்கு இரண்டாவது சோதனை காத்திருக்கும். படகுகள் கரை சேர்ந்ததும் கொட்டு என்ற வேலியடைத்த இடத்தில் சிப்பியைப் பங்கு பிரித்து, அரசுப் பங்கை மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவர்கள் இரவோடு இரவாகச் சிலவற்றைத் திறந்து பார்ப்பார்கள். அடுத்த நாள் ஏலத்தில் விலை ஏறும் அல்லது இறங்கும். பல மாதம் முன்பு மதிப்பீட்டாளர் சொன்ன எண்ணை நாள்தோறும் சந்தை திருத்திக்கொண்டே போனது. 1889-இல் தூத்துக்குடியில் நடந்த சலாபத்தை நேரில் பார்த்த சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மறு ஆண்டு வெளியிட்ட நூலில் இந்தக் கரையின் முத்துக்குளிப்பையும் சங்குக் குளிப்பையும் விரிவாகப் பதிந்திருக்கிறார். அந்த 1889 சலாபத்துக்கு முன் தூத்துக்குடியில் பெரிதாகக் குளித்தது 1860 முதல் 1862 வரை. நடுவே ஏறக்குறைய கால் நூற்றாண்டு வெறுமை. அந்த ஆண்டுகளிலும் பாரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்ற பதிலும் அந்தச் சிறு செலவில் வாங்கியதுதான். வீணான முகாம் ஒன்றைத் தவிர்த்தாலே பல ஆண்டுப் பரிசோதனைச் செலவு திரும்பிவிடும்.

ஆனால் மாதிரிச் சிப்பிக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆயிரம் சிப்பிக்கு இன்று என்ன விலை என்று அது சொல்லும்; அடுத்த ஆண்டு அந்தச் சிப்பி அங்கே இருக்குமா என்று சொல்லாது. ஓர் ஆண்டு பொறுத்தால் முத்து பெருத்து விலை கூடும். அதே ஓர் ஆண்டில் தென்மேற்குக் காற்று மணலை வாரிப் பாரை மூடலாம். திருக்கையும் கிளாத்தியும் கூட்டமாக வந்து தின்றுவிடலாம். காத்திருப்பதன் லாபத்தை மாதிரி காட்டும், காத்திருப்பதன் ஆபத்தைக் கடலை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும். பழைய பரிசோதகர்கள் இந்த இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக வைத்திருந்தார்கள். அவர்களிடம் நான் மிக மதிப்பது இதைத்தான்.

இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும் என்பது மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் நடந்தது. இலங்கையில் 1891-க்குப் பிறகு 1902 வரை சலாபமே இல்லை. காரணம் கண்டறிய லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனை அழைத்தார்கள். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹார்னல் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகி, நம் பார்களைப் பற்றியும் நிறைய எழுதியவர். அவர்கள் ஆய்வு செய்துகொண்டிருந்தபோதே கடல் தன் போக்கில் வாரி வழங்கியது. 1903, 1904, 1905 என மூன்று ஆண்டும் விளைச்சல். 1905-இல் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி, அரசுக்கு ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டே லண்டன் முதலீட்டாளர்களின் ‘சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்’ அந்தப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபாய். இளம் அதிகாரியாக மறிச்சுக்கட்டி முகாமில் 1906-இல் பணியாற்றிய லெனார்ட் வுல்ஃப் அந்த நாட்களைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

குத்தகையை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 1905-இன் வருமானம் ஒன்றே எட்டு ஆண்டு வாடகைக்குச் சமம். அந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 1892 முதல் 1902 வரை பதினோரு வெற்றாண்டுகள். அதே வெறுமை திரும்பினால் வருமானமே இல்லாமல் கட்ட வேண்டியது 34 லட்சத்துக்கும் மேல். இரண்டு எண்களும் எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தவைதான். குஞ்சுச் சிப்பியை நல்ல பாருக்கு மாற்றி நடலாம், ஒட்டிக்கொள்ளக் கல் போடலாம் என்ற ஹெர்ட்மனின் யோசனைகள் இரண்டாவது எண்ணை மறக்க உதவின என்றே நினைக்கிறேன். 1907-க்குப் பிறகு பார்கள் கைவிட்டன. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பெனியை மூட வேண்டியதாயிற்று. இலங்கையில் அடுத்த சலாபம் 1925-இல்தான்.

விலைப் பக்கமும் இதற்குள் ஆட்டம் கண்டது. ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி வளர்த்த முத்து 1920-களில் உலகச் சந்தைக்கு வந்தது. மதிப்பீட்டாளரின் கை அதே கை, பெட்டிகளும் அதே பெட்டிகள். ஆனால் உருண்டையான முத்து அபூர்வம் என்ற அடிப்படையே ஆட்டம் கண்டுவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு தூத்துக்குடிப் பார்கள் மீண்டும் ஒருமுறை திறந்தன. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. அதன்பின் இன்றுவரை இல்லை. முக்குளிப்பு நிற்கவில்லை; சங்கு குளிப்பவர்கள் இன்னும் இந்தக் கடலில் இறங்குகிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் காற்றுக் குடுவையோடு பாருக்குள் இறங்கிச் சிப்பியை எண்ணினார்கள். பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளைப் பாரில் விட்டும் பார்த்தார்கள். முகாம் போடும் அளவுக்கு எண்ணிக்கை தேறவில்லை.

அதே நிலையத்தின் கே. அழகர்சாமி, தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், 1973-இல் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து வளர்த்துக் காட்டினார். அங்கிருந்து கணக்கு வேறு பாதையில் போனது. கரு வைத்த ஆயிரம் சிப்பியில் எத்தனை செத்தன, எத்தனை கருவைத் துப்பின, மிஞ்சியவற்றில் எத்தனை முத்து நகைக்கு ஆகும், எத்தனை கழிவு, கூண்டுக்கும் ஆள்கூலிக்கும் ஆன செலவு எவ்வளவு. வளர்ப்பில் இறங்க நினைப்பவர் இன்றும் முதலில் ஒரு தொகுதிச் சிப்பியில் கரு வைத்து, கடலில் தொங்கவிட்டு, அறுவடை வரை பொறுத்திருந்து, ஆயிரத்துக்கு என்ன தேறுகிறது என்று எழுதிப் பார்த்த பிறகுதான் அடுத்த கூண்டுக்குப் பணம் போட வேண்டும்.