குற்றாலத்துச் சிங்கன் மேடையேறிய விருத்தாந்தம்

மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த பெண்ணையாற்றுப் பிரதேசத்தில் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்டியக்காரனை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமில்லை. ராஜா திரைக்குப் பின்னால் நிற்கும்போதே முன்னால் வந்து சபையைச் சிரிக்கவைத்து, அந்த ராஜாவையே இடையிடையே பரிகாசம் செய்து, ஆயினும் கதையைக் கைநழுவ விடாமல் விடியும்வரை நடத்திச் செல்லும் அவனுக்கு நெருங்கிய பந்து ஒருவன், தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியின் முகப்பிலே, குற்றாலத்துச் சிவபெருமானாகிய திரிகூடநாதரின் பவனிக்குக் கட்டியங்கூறிக்கொண்டு தோன்றுகிறான்.

மதுரையில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் 1706 முதல் 1732 வரை அரசாண்டார். கவிராயரின் நூலுக்கு அவர் மானியமாக அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. அதே காலத்தில் இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரிலும், சக்கரவர்த்திகளையும் புராண வீரர்களையும் ஒதுக்கிவிட்டு, நாவிதனும் கப்பற்காரனும் வேலைக்காரியும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடிச் சபையை நகைக்கவைக்கும் சங்கீத நாடகம் ஒன்று பிறந்து வளர்ந்துகொண்டிருந்தது. லியோனார்தோ வின்சி என்பவர் (ஓவியரான லியோனார்தோ வேறு, அவர் இரு நூற்றாண்டுகள் முந்தியவர்) 1722இல் இசையமைத்த ‘லி சீத்தே ங்கலேரா’ அவ்வகையில் முழுமையாக இசையுடன் எஞ்சியவற்றுள் மிகப் பழமையானது.

நம் குறவஞ்சியின் ஹாஸ்யம் அதற்குச் சிறிதும் இளைத்ததன்று. திரிகூடநாதர்மேல் காதல்கொண்ட வசந்தவல்லியின் விரகதாபம் ஒருபுறமிருக்க, நூலின் பிற்பகுதியை ஆக்கிரமித்துக்கொள்பவன் பறவை பிடிக்கவரும் சிங்கன். கண்ணி வைக்க வந்தவன், குறிசொல்லப் போன மனைவியைக் காணாமல் மனம் பேதலித்து, உடனிருக்கும் நூவனிடம் புலம்பித் தவித்து, கடைசியில் அவளைக் கண்டதும் ஆனந்தத்தோடு சந்தேகமும் கொள்கிறான். அவள் காலிலே சுற்றிக் கிடப்பது விரியன் பாம்போ என்று அவன் பதற, சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். செத்த தவளையைக் காலில் கட்டியிருப்பானேன் என்று கேட்க, குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் அளித்த கெச்சம், அதாவது சதங்கை என்கிறாள். சந்நிதிப் பெண்கள் என்னும் அந்தச் சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

ஏனெனில், வின்சியின் நாடகத்தை இருபதாம் நூற்றாண்டில் புதுப்பித்தவர்களுக்கு ஸ்வரங்கள் எழுதிய ஏடு கையிலிருந்தது. நமக்கோ அச்சுப் புத்தகத்தில் சாகித்தியமும், அதன் தலைப்பில் தோடி, பைரவி என்று ராகத்தின் பெயரும், தாளத்தின் பெயருமே கிடைத்தன. ஊரின் பெயரைச் சொல்லிவிட்டுத் தெருவையும் வீட்டையும் சொல்லாமல் விட்டதற்கு ஒப்பானது அது. மெட்டு எங்கே இருந்ததென்றால், கோயில்களில் குறவஞ்சி நாடகங்களைப் பரம்பரையாக ஆடிவந்த அத்தகைய சந்நிதிப் பெண்களான தேவதாசிகளின் கண்டத்திலும் ஞாபகத்திலும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை ஆடிக் காத்தவர்களும் அவர்களே. சிறுமியரைக் கோயிலுக்கு அர்ப்பணித்துப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் நிறுத்தியது நியாயமே. பெண்களைப் பந்தப்படுத்திய ஒரு வழக்கத்துக்காக நான் கண்ணீர் விடமாட்டேன். ஆனால் அந்தப் பெண்களின் வித்தையையும் அவமானத்தோடு சேர்த்துக் கட்டி ஒதுக்கிவிட்டு, அவர்கள் அறிந்திருந்த பாட்டுகளை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளச் சமூகம் அநேகமாகத் தவறிவிட்டதே, அதை என்னால் மன்னிக்க இயலவில்லை.

தவறாதவர்களும் இருந்தார்கள். குற்றாலத்தில் வாசம் செய்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இந்நூலின் சுவையைக் கேட்போர் நெஞ்சில் பதியும்படி எடுத்துரைத்து வந்தார். 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி, 1944இல் தம்முடைய முதல் நாட்டிய நாடகமாகக் குற்றாலக் குறவஞ்சியையே தேர்ந்துகொண்டார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். பழைய ஆடல் மரபை அறிந்த காரைக்கால் சாரதாம்பாளின் துணையும் கிடைத்தது. புதிய மேடை நாடகத்துக்கு வழிகாட்ட, சமூகம் ஒதுக்கிவைத்த அந்தப் பரம்பரையிலிருந்தே ஒரு மூதாட்டியை அழைக்க வேண்டியிருந்தது என்பதை நான் மிகுந்த கௌரவத்துடன் இங்கே பதிவு செய்கிறேன். அரங்கேறியது கவிராயர் காலத்துக் குறவஞ்சியேயா என்று கேட்டால், சாகித்தியம் அவருடையது, நாதத்தில் பெரும்பகுதி 1944ஆம் ஆண்டினது என்றுதான் விடை சொல்ல வேண்டும். அதனால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை. மெட்டில்லாத சிங்கன் புத்தகத்திற்குள்ளேயே அடைபட்டுக் கிடந்திருப்பான்.

இத்தகைய பாக்கியம் வாய்க்காத நூல்கள் பல. நொண்டி நாடகங்கள் இருக்கின்றன, பள்ளு நாடகங்கள் இருக்கின்றன. அச்சில் கிடைக்கின்றன, பாடுவோர் அரிதாகிவிட்டனர். அவற்றுள் முக்கூடற் பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவர் தெய்வத்தை மற்றவர் ஏசிச் சண்டையிடும் காட்சியையும், அதை மேடையேற்றுவதற்கு என்னென்ன வேண்டும் என்பதையும் அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.