டான்சிங் ரோஸும் வேம்புலியும் மோதினால்

‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் வந்தது. தியேட்டருக்கு வராமல் நேராக வீட்டுக்குள் வந்த குத்துச்சண்டைப் படம். திண்டுக்கல் டீக்கடையில் அதைப் பற்றி இப்போது பேச்செடுத்தாலும் நாயகன் கபிலனில் தொடங்கி டான்சிங் ரோஸில்தான் போய் நிற்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது கேட்பார்: “சரி, ரோஸும் வேம்புலியும் மோதினா யாரு ஜெயிப்பா?”

படத்தில் அதற்கு வழியே இல்லை. இரண்டு பேரும் இடியாப்ப பரம்பரை என்ற ஒரே குத்துச்சண்டைக் குழு, துரைக்கண்ணு வாத்தியாரின் ஆட்கள். ஒரே பரம்பரைக்காரர்களை ரிங்கில் எதிரெதிரே நிறுத்தமாட்டார்கள். அதனால்தான் இந்தக் கேள்விக்கு ஆயுசு கெட்டி.

கடையில் உடனே கிடைக்கும் பதில் வேம்புலி. கபிலன் ரோஸை ஒரே சண்டையில் சாய்த்துவிட்டான். வேம்புலியை வெல்லவோ படம் முழுக்கத் தேவைப்பட்டது. ஆகவே ரோஸைவிட வேம்புலி பெரியவன் என்று கணக்குப் போடுகிறார்கள். கூட்டல் கழித்தலுக்கு இது சரி, குத்துச்சண்டைக்குச் சரிவராது.

எழுபதுகளின் ஹெவிவெயிட் வரலாற்றைப் பாருங்கள். 1971 மார்ச் 8-ம் தேதி நியூயார்க்கில் ஜோ ஃபிரேசியர் முகமது அலியை வென்றார். கடைசி ரவுண்டில் ஒரு இடது ஹூக்கில் அலி மல்லாக்க விழுந்தார். அந்த ஃபிரேசியரை 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார். அப்படியானால் அலியை ஃபோர்மேன் என்ன பாடு படுத்தியிருக்க வேண்டும்? 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மேன்தான்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஃபிரேசியர் தலையை ஆட்டிக் குனிந்துகொண்டே உள்ளே வருகிறவர். அலியின் நீளமான ஜாப் அவர் தலைக்கு மேலே போய்விடும். அதே குனிந்த தலை ஃபோர்மேன் கீழிருந்து மேலே போடும் அப்பர்கட்டுக்குத் தோதாக வந்து நின்றது. ஃபோர்மேனுக்குப் பழக்கம் இரண்டு மூன்று ரவுண்டில் வேலையை முடிப்பது. அலி கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, அடிக்கவிட்டு அடிக்கவிட்டே அவரைக் களைக்க வைத்தார். மூன்று பேரில் யார் பெரியவர் என்று கேட்டால் பதில் கிடையாது. யாருக்கு எதிரே யார் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கொசவபட்டியிலும் புகையிலைப்பட்டியிலும் ஜல்லிக்கட்டு வாடிவாசல் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வாடியைத் தாண்டியதும் ஒரே பாய்ச்சலில் ஓடும் காளை உண்டு. களத்தின் நடுவே நின்று, சுற்றிச் சுற்றி ஆள் தேடி விளையாடும் காளையும் உண்டு. ஓடுகிற மாட்டின் திமிலைத் தாவிப் பிடிப்பதில் கெட்டிக்காரன், நின்று விளையாடும் மாடு வரும்போது ஓரமாக ஒதுங்கிக்கொள்வான். அவனை யாரும் கோழை என்று சொல்வதில்லை.

இனி நம் ஆட்களுக்கு வருவோம். ரோஸ் ஒரு இடத்தில் நிற்பதில்லை. கைகள் இடுப்புக்குக் கீழே தொங்கும், உடம்பு பின்னால் வளையும், கால் எதிராளிக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். ஷபீர் கல்லரக்கல் ஆடிய அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது இங்கிலாந்துக் குத்துச்சண்டைக்காரர் நசீம் ஹமீது நினைவுக்கு வராமல் போகாது. ஷெஃபீல்டில் பிரெண்டன் இங்கிள் என்ற வாத்தியார் வளர்த்த பையன் அவர். இங்கிளின் பயிற்சிக்கூடத்தில் தரையில் கோடுகள் போட்டிருக்கும். பையன்கள் குத்தப் பழகும் முன்பு அந்தக் கோடுகளின் மேல் கால் வைத்து நகரப் பழக வேண்டும். ரோஸைத் திரும்பப் பார்க்கும்போது கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். அடி எங்கிருந்து புறப்படுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

வேம்புலியைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சை நிமிர்த்தி முன்னே வருவான், பலமாக அடிப்பான், கோபம் வந்தால் இன்னும் பலமாக அடிப்பான். வேம்புலியாக நடித்த ஜான் கொக்கேனின் உடம்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. எடையில் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டால்தான் இந்தப் பேச்சுக்கே அர்த்தம்.

ரோஸின் ஆட்டத்தை உடைப்பது எப்படி என்பதற்கு நசீமின் கதையிலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. 1997 டிசம்பரில் கெவின் கெல்லி நசீமை மூன்று தடவை தரையில் உட்கார வைத்தார். கை கீழே கிடந்தால் தாடை திறந்து கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் கெல்லி அடித்து நொறுக்கும் சண்டைக்கு இறங்கியதால் தானும் மூன்று தடவை விழுந்து, நான்காவது ரவுண்டில் தோற்றார். 2001 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நசீமை முதன்முதலாக வென்றவர் மெக்சிகோவின் மார்கோ அந்தோனியோ பரேரா. அவரும் முட்டிமோதும் ரகம் என்று பெயர் வாங்கியவர்தான். அன்றைக்கு மட்டும் அவசரப்படவில்லை. நசீமின் சீண்டலுக்கு மசியாமல், தூரம் பார்த்து நின்று, ஜாப் போட்டுப் போட்டு 12 ரவுண்டும் புள்ளிகளைச் சேர்த்தார்.

கபிலன் ரோஸை வென்றதும் ஏறக்குறைய இந்த வழியில்தான். முதலில் காற்றைக் குத்துகிறான், அடி வாங்குகிறான், அப்புறம் அந்தக் காலின் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறான். ரோஸை வெல்லத் தேவை பொறுமை. வேம்புலியிடம் இல்லாத சரக்கு அது. நாக்கைத் துருத்திச் சீண்டுகிற ஒருவன் முன்னால் வேம்புலி எத்தனை நிமிடம் நிதானமாக நிற்பான்? பரேராவாக அவன் மாறமாட்டான், கெல்லியாகத்தான் மாறுவான். ஒன்றிரண்டு தடவை ரோஸ் விழக்கூடும். ஆனாலும் பாதிச் சண்டைக்கு மேல் வேம்புலியின் மூச்சு வாங்கும், வெறுங்காற்றைக் குத்துவது உடம்பைக் குத்துவதைவிடக் களைப்பு. என் கணக்கில் ஏழு, எட்டு ரவுண்டு தாண்டினால் ரோஸ்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டீக்கடையில் யாரும் கேட்காதது. 1987-ல் மார்வின் ஹாக்லரோடு மோத ஒப்புக்கொண்டபோது சுகர் ரே லெனார்டு பணத்தில் விட்டுக்கொடுத்து வேறு மூன்றை வாங்கிக்கொண்டார்: 15-க்குப் பதில் 12 ரவுண்டு, 10 அவுன்ஸ் கிளவுஸ், 20 அடி ரிங். ஓடி ஆட இடமும் சீக்கிரம் முடியும் சண்டையும் அவருக்கு வேண்டியிருந்தது. நடுவர்கள் பிரிந்து சொன்ன தீர்ப்பில் ஜெயித்தார். அன்று வென்றது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ரோஸுக்கும் அதே பேரம் வேண்டும். 20 அடி கொடுத்தால் நான் சொன்னது நிற்கும். துரைக்கண்ணு 16 அடி ரிங் கட்டிவிட்டால் ரோஸ் பின்வாங்க இடமிருக்காது, முதுகில் கயிறு இடிக்கும். அந்த ரிங்கில் நானும் வேம்புலி மேல்தான் பந்தயம் கட்டுவேன், அதுவும் மூன்றாவது ரவுண்டுக்குள்.